‘இங்கு மட்டும் கிடைக்கும்’: குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, வடசேரி (நாகர்கோவில்)

ஆரல்வாய்மொழி நெருங்கி, இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றத் தொடங்கியபோது காரில் பேச்சு ஒரு பாப்கார்ன் வாளியைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. மலையைப் பாருங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். யாரும் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஃபுளோரிடாவில் டிஸ்னி நடத்தும் எப்காட் பூங்காவில் 2022 ஜனவரியில் ஒரு பாப்கார்ன் வாளி விற்பனைக்கு வந்தது. ஃபிக்மென்ட் என்ற ஊதா நிற டிராகனின் உருவத்தில் செய்த பிளாஸ்டிக் வாளி, விலை 25 டாலர். அதற்காக மணிக்கணக்கில் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். வாங்கியவர்களில் பலர் வெளியே வந்த கையோடு இணையத்தில் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். சரிதானா, தப்பா? மதுரையில் ஆரம்பித்த சண்டை இங்கே வந்து சேரும் வரை தீரவில்லை.

சண்டைக்காரர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் என் சித்தி மகன். ஆர்லாண்டோவில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறான். சனி ஞாயிறானால் ஏதாவது ஒரு பூங்காவில் இருப்பவன். இன்னொருத்தி என் அக்கா மகள், சென்னையில் கல்லூரி. பாஸ்போர்ட்டே இல்லாதவள். ஆனால் உலகத்தில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் எந்த ராட்டினம் எந்த வருடம் வந்தது, எந்தப் பொம்மை எங்கே மட்டும் விற்கிறது என்பதெல்லாம் விரல் நுனியில். அவனுக்கு நேரில் தெரியும், இவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். இவர்களோடு குமரி மாவட்டம் சுற்றுவதென்று முடிவெடுத்த எனக்கு இரண்டும் தெரியாது.

அவள் கட்சி: ஒரு இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள் என்று ஒன்று இருந்தால்தான் அங்கே போனதற்கே ஒரு அர்த்தம். அவன் கட்சி: அதெல்லாம் வாங்கி விற்கிறவனுக்கு வைக்கும் விருந்து. உள்ளே ராட்டினம் பாதி நாள் ஓடுவதில்லை, ஆனால் வாளி மட்டும் மாதத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது.

அத்தை வீட்டில் காப்பியோடு ஏத்தங்காய் சிப்ஸ் வைத்தார்கள். வைத்த கையோடு அத்தையே அதைக் குறை சொல்லத் தொடங்கினார்கள். “பண்டு மாதிரி இல்ல மக்கா. எண்ணெய மாத்திட்டானுவ.” ஒன்றை எடுத்து ஒடித்து மூக்கருகே கொண்டுபோனார்கள். நானும் முகர்ந்தேன். தேங்காய் எண்ணெயில் பொரித்த சிப்ஸுக்கு ஒரு மணம் உண்டு. டப்பாவைத் திறந்ததும் அடுத்த அறை வரை வரும். இதில் அது மேலோட்டமாக மட்டும் இருந்தது. சீவலும் தடிப்பு. ஓரம் மொறுமொறு, நடுவில் ரப்பர். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில் கடைக்காரர்கள் கலப்பதில் ஆச்சரியமில்லைதான். ஆனால் அத்தைக்குப் பொறுக்க முடியாதது வேறு. அந்தக் கடையில் இப்போது பளபளக்கும் உறையில், நாகர்கோவில் ஸ்பெஷல், வேறெங்கும் கிளைகள் இல்லை என்று பெரிதாக அச்சடித்துத் தருகிறார்களாம். “நல்லா இருந்த காலத்துல பழைய பேப்பர்லதான பொதிஞ்சு தந்தான்?”

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

சனி இரவு, கன்னியாகுமரி

விடுமுறை நாளில் படகுத்துறை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசை தெருவுக்கு வந்து திரும்பி நின்றது. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுக்குச் சாதாரணக் கட்டணம் ஒன்று, வரிசையைத் தாண்டிப் போகச் சிறப்புக் கட்டணம் ஒன்று. அக்கா மகள் சிறப்பில் போகலாம் என்றாள். தம்பி கூடவே கூடாது என்று சாதாரண வரிசையில் போய் நின்றுகொண்டான். கொள்கையாம்.

கொள்கையின் கதையை வெயிலில் நின்றபடி சொன்னான். டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ஒரு சீட்டை எடுத்துக்கொண்டால் குறித்த நேரத்தில் வந்து குட்டி வரிசையில் ஏறலாம், காசு கிடையாது. 2021-இல் ஃபுளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் அந்த இலவச முறையை எடுத்துவிட்டுக் கட்டணமுறை கொண்டுவந்தார்கள். இப்போது அதிலேயே பல படிகள். ரசிகர்கள் ‘தரம் போச்சு’ என்று சொல்லும்போது முதலில் சொல்வது இதைத்தான் என்றான். நுழைவுச்சீட்டு வாங்கினவன், உள்ளே போன பிறகும் பர்ஸை மூட முடிவதில்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். “தர்ம தரிசனத்தை நிப்பாட்டிட்டு, நூறு ரூவா தரிசனம், ஆயிரம் ரூவா தரிசனம்னு வச்ச மாதிரி, அப்படித்தான?” என்று கேட்டார். தம்பி, “அதே அதே” என்றான். எனக்கும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

விலைக் கதையும் வந்தது. கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் 1955 ஜூலையில் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு ஒரு டாலர், ராட்டினங்களுக்குத் தனிக் காசு. 2024 அக்டோபரில் அங்கே கூட்டம் மிகுந்த நாட்களின் ஒருநாள் சீட்டு 206 டாலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பெருமூச்சு விடுவது ரசிகர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. எழுபது வருடத்துப் பணவீக்கம் நடுவில் இருக்கிறது, ராட்டினக் காசும் இப்போது அதற்குள் அடக்கம், ஆகவே நேராக ஒப்பிடுவது நியாயமில்லை என்று நான் சொன்னேன். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள்.

பாறைக்குப் போனோம். விவேகானந்தர் மண்டபம் (1970) எப்போதும் போல அமைதி. அங்கிருந்து வள்ளுவருக்கு இப்போது கண்ணாடிப் பாலம். சிலையின் வெள்ளிவிழாவை ஒட்டி 2024 டிசம்பர் 30 அன்று திறந்தது, 77 மீட்டர் நீளம். நடுவில் கண்ணாடி. கீழே அலை பாறையில் மோதி வெள்ளையாகப் பொங்குவது காலடியில் தெரிகிறது. ஒரு குழந்தை நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதன் அப்பா அதைவிட மெதுவாக ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி வந்தார்.

வள்ளுவர் காலடியில் நின்றபோது தம்பியிடம், சிலையை வடித்த கணபதி ஸ்தபதியின் கணக்கைச் சொன்னேன். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும். மொத்தம் 133. அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதைக் கவனிக்காமல் போகிறவனுக்கும் சிலை நன்றாகத்தானே இருக்கிறது. கவனிக்கிறவனுக்குக் கூடுதலாக ஒன்று. பழைய பூங்காக்களைக் கட்டியவர்கள் இப்படித்தான் யோசித்தார்கள்” என்றான். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் கடைத்தெரு. இன்றைய குறிப்பு நீள்வதற்குக் காரணம் இதுதான்.

சங்கு, சிப்பி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி, சாவிக்கொத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை. வரிசையாக முப்பது கடை இருந்தால் முப்பதிலும் அதே. அக்கா மகள் ஒரு காந்தத்தை எடுத்தாள். படகு, தென்னை மரம், கீழே ‘கன்னியாகுமரி’ என்று ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடியில் ‘கொடைக்கானல்’. கொடைக்கானலில் எங்கே தென்னை மரமும் கடலும் என்று கேட்காதீர்கள், அதன் அடியிலும் ஏதாவது ஓர் ஊர் இருக்கலாம். கடைக்காரர் கோபப்படவில்லை. “ஒரே ஆளுதான் எல்லா ஊருக்கும் போடுதாரு, என்ன செய்ய?” என்றார்.

பூங்கா ரசிகர்களின் புகாரும் ஏறக்குறைய இதேதான். டிஸ்னிலாண்டின் முதன்மைத் தெருவில் ஆரம்பத்தில் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு தினுசு. மந்திர வித்தைச் சாமான்களுக்கு ஒரு கடை, புகையிலைக்கு ஒரு கடை, பெண்களின் உள்ளாடைக்குக்கூட ஒரு கடை (அது சில மாதங்களில் மூடிவிட்டது, யார் போய் வாங்குவார்கள்?). இன்று எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அதே பனியன், அதே காது வைத்த தொப்பி என்பது பழைய ரசிகர்களின் முணுமுணுப்பு. பொதுச் சரக்கு இப்படிப் பெருகிய காலத்தில்தான் ‘இந்தப் பூங்காவில் மட்டும்’, ‘இந்த விழாவுக்கு மட்டும்’ என்று எண்ணி விடும் சரக்கும் பெருகியிருக்கிறது. ஷாங்காய் டிஸ்னியில் 2021 செப்டம்பரில் லீனா பெல் என்ற இளஞ்சிவப்பு நரி வந்தபோது அதற்குப் படமும் இல்லை, கதைப் புத்தகமும் இல்லை. பொம்மைதான் கதை. அதற்கு விடிவதற்கு முன்பே வரிசை, வெளியே வந்தால் பல மடங்கு விலை.

அந்த நரிச் சாவிக்கொத்து ஒன்று அக்கா மகளின் பையில் தொங்குகிறது, சென்னையில் யாரிடமோ வாங்கியது. தம்பி அதில் இருந்த அடையாளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அசலா என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என் தீர்ப்பை இங்கேயே எழுதிவிடுகிறேன், நாளை மறந்துவிடும். இரண்டு பேரும் ஒரே வியாதியைத்தான் பேசுகிறார்கள். நல்லதாக இருக்கும் வரை எந்தக் கடைக்காரனும் ‘இங்கு மட்டும்’ என்று பலகை வைப்பதில்லை, வைக்கத் தேவையும் இல்லை. சரக்கு தேயத் தேயத்தான் பலகை பெரிதாகிறது. அத்தை சொன்ன பழைய பேப்பர் பொட்டலம்.

சரி, இங்கே மட்டும் என்று உண்மையிலேயே எதுவும் இல்லையா? மணல் இருக்கிறது. கை அகலப் பிளாஸ்டிக் உறையில் கட்டம் கட்டமாக வெவ்வேறு நிற மணல். குமரியம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று விற்கிற அம்மா சொன்னார்கள். மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் என்ற அரசு நிறுவனத்தின் ஆலை இந்தக் கரை மணலிலிருந்துதான் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்களைப் பிரிக்கிறது. கருப்பு அது, சிவப்பு இது. உறையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கருப்பு மணல் கனம், உடனே அடிக்கு ஓடிவிட்டது. சிவப்பு பொடிக் கண்ணாடி போல மின்னியது. ஆனால் நீலமும் பச்சையும் இருந்தன. அந்த நிறத்தில் இந்தக் கரையில் நான் மணல் பார்த்ததில்லை. “அந்தக் கட்டத்துல உள்ளது என்ன பருப்பு பாட்டி?” என்று அக்கா மகள் கேட்டாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாங்கினோம்.

ஞாயிறு இரவு, வடசேரி

மாத்தூர் தொட்டிப்பாலம் போவதாக இருந்தது. மழை. பத்மநாபபுரம் மட்டும் போனோம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

தெரியாதவர்களுக்கு: அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை அவர்கள் கையிலேயே இருக்கிறது. செருப்பை வெளியே விட வேண்டும். அது நல்லதாகப் போயிற்று. அந்தக் கருந்தரையை வெறுங்காலால்தான் அறிய முடியும். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு என்றெல்லாம் சேர்த்துப் போட்டது என்கிறார்கள். சன்னல் சட்டத்தின் நிழல் அதில் தலைகீழாகத் தெரிகிறது. குளிர்ச்சி கணுக்கால் வரை ஏறுகிறது. அக்கா மகள் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை.

மணிக்கூண்டில் எடை கட்டித் தொங்கவிட்ட பழைய கடிகாரம் இன்னும் ஓடுகிறது. தம்பி அதன் கீழே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பனிமனிதன் கதையைச் சொன்னான்.

ஃபுளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் 2006-இல் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற மலை ரயில் திறந்தது. ரயில் மலைக்குள் பாயும்போது யெட்டி என்னும் ஒரு ராட்சதப் பனிமனிதன் கையை வீசிப் பாய்ந்து வர வேண்டும். பல அடி உயர இயந்திரப் பொம்மை. திறந்த கொஞ்ச காலத்திலேயே அசைவு நின்றுவிட்டது. அதைச் சரிசெய்வது லேசில்லை, மலைக்குள் கட்டிய அமைப்போடு பிணைந்தது. அதனால் பொம்மையை அப்படியே நிறுத்தி, மேலே விளக்கை வெட்டி வெட்டி அடித்து அசைவது போலக் காட்டினார்கள். ரசிகர்கள் வைத்த பெயர் ‘டிஸ்கோ யெட்டி’. வருடங்கள் ஓடிவிட்டன, பெயர் நிலைத்துவிட்டது.

“அந்தப் பனிமனிதன் பொம்மை கடையில் கிடைக்குமா?” என்று கேட்டேன்.

“விதவிதமாகக் கிடைக்கும் அக்கா. அது நன்றாகவே இருக்கும்.”

இந்த இடத்தில் அக்கா மகள் சொன்ன ஒன்றையும் எழுத வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பாள். டோக்கியோ டிஸ்னியைப் பாருங்கள் என்றாள். அதை நடத்துவது டிஸ்னி அல்ல, உரிமம் வாங்கிய ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், 1983-லிருந்து. அங்கேயும் அங்கு மட்டுமே விற்கும் சரக்கு மலை மலையாக உண்டு. ஆனால் பராமரிப்பில் அதை விஞ்ச ஆளில்லை என்று அமெரிக்க ரசிகர்களே சொல்கிறார்கள். ஆகவே ‘இங்கு மட்டும்’ என்றாலே சரக்கு மோசம் என்று சித்தி (நான்தான்) சொல்வது தப்பு. ஜப்பானில் ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பலகாரத்தை டப்பாவில் வாங்கிவந்து அலுவலகத்தில் கொடுப்பது வழக்கம். பூங்காவும் அந்த வழக்கத்தில் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

பதில் இல்லை எனக்கு. நேற்று எழுதியதை அழிக்கவும் மனமில்லை.

வாசலில் பெட்டிக்கடைகளில் அதே காந்தம். இங்கே ஸ்டிக்கரில் கதகளி முகம்.

திங்கள் மாலை, வடசேரி

இருட்டோடு எழுந்து தோவாளை பூச்சந்தை. பிச்சி, மல்லிகை, அரளி, கேந்தி என்று மூட்டை மூட்டையாக இறங்குகிறது. ஏலக் குரலில் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஒரு வீட்டுத் திண்ணையில் மாணிக்க மாலை கட்டுவதைப் பார்க்க முடிந்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. பூவை அப்படியே கோப்பதில்லை. ஒவ்வொன்றையும் மடித்து மடித்து நாரில் நெருக்கிச் சேர்க்கிறார்கள். கட்டி முடித்த பகுதி பூவாகவே தெரியவில்லை, தட்டையான பட்டையில் கல் பதித்தது போல இருந்தது. கட்டுகிறவர் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார், விரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. 2025-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாளைக்கு வாடிவிடும்.

“இதை யாரும் வாங்கிப் பதுக்க முடியாது” என்று தம்பி சொன்னான். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் அத்தை வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான். நாட்டியக்காரர்கள் அணியும் சிவப்புக் கெம்புக்கல் நகை. வெள்ளியில் செய்து, கல்லைச் சுற்றித் தங்கத் தாளை ஒட்ட அழுத்துகிறார்கள். நாங்கள் போனபோது ஒருவர் நெற்றிச்சுட்டியின் பிறைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். கடுகளவு தங்கத் தாளைக் கூர்முனைக் கருவியால் கல்லின் ஓரத்தில் அமுக்கி, மீதியை வழித்து ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார்கள்.

இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று தேடினால் இணையத்தில் நூற்றுக்கணக்கில் வரும், பித்தளையும் கண்ணாடியும். அக்கா மகள் தன் செல்பேசியில் அப்படி ஒன்றைக் காட்டிக் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். “டிசைன் நம்மதுதான். நல்லாத்தான் எடுத்திருக்கான்” என்றார். கோபமில்லை. ஆனால் கல்லைச் சுற்றி ஒரே அச்சாக இருக்கும் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டி, “இது வார்ப்பு. கையால வச்சா ஒண்ணு போல ஒண்ணு வராது” என்றார். விலை கேட்டோம். எங்களால் முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவருக்கும் எங்களிடம் விற்கும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவள் பையிலிருந்த நரியை எடுத்து, தையல் விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மதியம் மட்டிப்பழம். விரல் நீளம், மெல்லிய தோல், உரித்தால் தேன் மணம். இங்கே கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழம் இது. 2023-இல் இதற்கும் குறியீடு கிடைத்தது. எந்தக் கடையிலும் பலகை இல்லை, கயிற்றில் குலை தொங்குகிறது. தம்பி ஆர்லாண்டோவுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டான். பழத்தை அமெரிக்க விமான நிலையத்தில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று அவனே சொல்லி அவனே விட்டுவிட்டான். பதிலாக இரண்டு கிலோ சிப்ஸ் வாங்கினான். பலகை வைத்த கடையில் அல்ல, அத்தை விசாரித்துச் சொன்ன வேறொரு வீட்டில். அங்கே அடுப்பருகே எண்ணெய்க் குடத்தைத் திறந்து காட்டச் சொல்லி முகர்ந்த பிறகுதான் அத்தை தலையாட்டினார்கள்.

அக்கா மகள் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறாள். இரண்டு சீப்பு மட்டி அவளுக்கு. விடுதித் தோழிகளுக்குக் கொடுக்கலாம் என்று செய்தித்தாளில் சுற்றிப் பையின் மேலாக வைத்தாள். அத்தை வெளியே எடுத்து அழுத்திப் பார்த்தார்கள். ஒரு சீப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காய்வெட்டாக இருந்த இன்னொன்றை வைத்தார்கள்.

“பழுத்தத தாம்பரம் வாறதுக்குள்ள தின்னு முடிச்சிரு மக்கா. பெறவு எங்க ஊர் மட்டிய குத்தம் சொல்லப்பிடாது.”